தடி தட்டாத காவல்காரன்

"அதிலே என்ன மாமா, பீரங்கியா இருக்கு, குண்டா இருக்கு? ஒரு காமிரா, ஒரு ஏரியல். அவ்வளவுதானே! நிராயுதபாணி மாமா, சுத்த நிராயுதபாணி!"

என் தமக்கை மகன் இப்படிச் சொல்லிவிட்டு ரசம் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான். எஞ்சினீயரிங் படித்த பிள்ளை. ராக்கெட்டைப் பற்றியும் செயற்கைக் கோளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தால்தான் அவனுக்குச் சாதம் இறங்கும். அன்றைக்கு அவன் வர்ணித்தது விசேஷமான ஒரு யந்திரத்தை. அது பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே நடப்பதைப் படம் பிடிக்கும். ஆகாயத்தில் போகிற பேச்சை ஒட்டுக் கேட்கும். பார்த்ததையும் கேட்டதையும் எஜமானனுக்கு அனுப்பும். கூட்டாளி யந்திரங்கள் அனுப்புகிற செய்தியையும் வாங்கிக் கைமாற்றிக் கொடுக்கும். இதெல்லாம் பழைய கதை. புதுமை என்னவென்றால், அது இருக்கிற இடம் ஒருவருக்கும் தெரியாது. ரேடார் அலை அதன்மேல் பட்டால் திரும்பி வராமல் வேறு திசையில் சிதறிப் போய்விடும். சூரிய ஒளி பட்டாலும் அதன் மினுக்கல் பூமியின் பக்கம் வராது.

"அசிங்கம்" என்றேன் நான். அதற்குத்தான் அவன் அந்தப் பதிலைச் சொன்னான்.

விருந்தாளியோடு சாப்பாட்டு வேளையில் சண்டை போடக்கூடாது என்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் "நிராயுதபாணி" என்கிற அந்த ஒரு சொல் இரவு வெகுநேரம் என்னைத் தூங்கவிடவில்லை. சர்க்கார்களும், சர்க்கார்களுக்கு யந்திரம் செய்து தருகிற கம்பெனிகளும், அவர்கள் சொல்வதை அப்படியே அச்சடிக்கிற பத்திரிகைகளும் அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நம்மைத் தாலாட்டி வருகிறார்கள். கையில் ஆயுதம் இல்லையென்றால் குற்றமும் இல்லை என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்பியும் விட்டோம்.

நான் கேட்கிறேன்: பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சபதம் செய்தவன் யார்? கண்ணன். அந்தப் போரை முடித்துவைத்தவன் யார்? அவனேதான். எவனை எந்த நேரத்தில் எந்த இடத்தில் அடிக்கவேண்டும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. கடைசியில் துரியோதனன் விழுந்ததுகூட, கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டியதால்தான் என்று நம் காலட்சேபக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதாயுதம் பீமன் கையில் இருந்தது. குறி யாரிடமிருந்து வந்தது? நிராயுதபாணியிடமிருந்து.

இது புராண வியாக்கியானம் என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சமீப காலத்து உதாரணமும் இருக்கிறது. ஆளில்லா விமானம் ஆப்கானிஸ்தானத்து மலைகளின்மேல் வட்டமிட்டது. அதை ஓட்டியவர் அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விமானத்தில் ஏவுகணை இருந்தது. ஆகவே அது ஆயுதம் தரித்தது. ஓட்டியவரின் உத்தரவைப் பூமியின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குக் கொண்டுசேர்த்த செயற்கைக் கோளில் ஒரு தோட்டாகூடக் கிடையாது. ஆகவே அது சாது. நடுவில் அந்தச் சாது இல்லாவிட்டால் ஏவுகணை விமானத்தைவிட்டுக் கிளம்பியே இருக்காது! தபால்காரன் மேல் கொலைக் குற்றம் சுமத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். தபால்காரன் பகலில், காக்கி உடுப்போடு, மணியடித்துக்கொண்டு வருகிறான். என் சண்டை அவனோடு அல்ல.

வேவு பார்ப்பதே பாவம் என்று சொல்லுகிற அப்பாவியும் அல்ல நான். வள்ளுவர் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அந்த விஷயத்தில் அவர் எந்த ராஜதந்திரிக்கும் சளைத்தவர் அல்ல. ஆகாயத்திலிருந்து பார்த்ததால் உலகத்துக்கு ஒரு பெரிய நன்மை விளைந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதை விரிவாகவே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் எதை எதிர்க்கிறேன் என்பது விளங்காது.

1960-ல் அமெரிக்காவில் ஒரு பயம் இருந்தது. சோவியத் யூனியன் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை நூற்றுக்கணக்கில் குவித்துக்கொண்டிருக்கிறது, நாம் பின்தங்கிவிட்டோம் என்ற பயம். தேர்தல் மேடைகளில் அது நன்றாக விலை போயிற்று. உண்மையைத் தெரிந்துகொள்ள, உயரப் பறக்கும் யு-2 விமானங்களை அனுப்பிப் பார்த்தார்கள். (அதுவும் நிராயுதபாணிதான். 1960 மே 1-ஆம் தேதி அதைச் சோவியத் ராணுவம் சுட்டு வீழ்த்தியபோது, 'வானிலை ஆராய்ச்சி விமானம் வழி தவறிப் போய்விட்டது' என்று வாஷிங்டனில் சொன்னார்கள். விமானி உயிரோடு பிடிபட்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.) அந்த ஆண்டு ஆகஸ்டில் 'டிஸ்கவரர் 14' என்ற செயற்கைக் கோளைச் செலுத்தினார்கள். உள்ளே காமிரா. படம் எடுத்த ஃபிலிமை ஒரு கூட்டில் அடைத்து அது கீழே தள்ளிவிட்டது. பாராசூட்டில் தொங்கிக்கொண்டு வந்த கூட்டை, ஹவாய்த் தீவுகளுக்கு அப்பால், பசிபிக் சமுத்திரத்தின்மேல், ஒரு விமானம் கொக்கி போட்டு அந்தரத்திலேயே பிடித்தது. கரண்டியால் அப்பளம் எடுப்பதுபோல் அல்ல. அது அசகாய சூரத்தனம்தான். அதற்கு முன்னால் ஒரு டஜன் முயற்சிகள் தோற்றுப்போயிருந்தன. அந்த ஒரு கூட்டிலிருந்த ஃபிலிம், அதுவரை பறந்த யு-2 விமானங்கள் எல்லாம் சேர்ந்து பார்த்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பைக் காட்டியது.

காட்டியதில் என்ன தெரிந்தது? நூற்றுக்கணக்கில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. 1961 செப்டம்பரில் அமெரிக்க உளவு மதிப்பீடு அந்த எண்ணிக்கையைப் 10-லிருந்து 25-க்குள் என்று இறக்கிவிட்டது. 1967-ல் ஜனாதிபதி ஜான்ஸன் நாஷ்வில் நகரத்தில் பேசியபோது, விண்வெளிக்குச் செலவழித்ததெல்லாம் இந்தப் படங்களுக்காக மட்டுமே என்றாலும், அதைப்போல் பத்து மடங்கு பயன் கிடைத்துவிட்டது என்ற கருத்தில் சொன்னார். பயப்படத் தேவையில்லாத விஷயங்களுக்கெல்லாம் பயந்துகொண்டிருந்தோம் என்று ஒத்துக்கொண்டார். வாஸ்தவம். இருட்டில் கயிற்றைப் பாம்பென்று அடிக்கப் போகிறவனுக்கு விளக்கைக் காட்டுவது புண்ணியம்.

ஆனால் அந்தப் புண்ணியத்தை அவர்கள் எப்படிச் செய்தார்கள்? பொய் சொல்லிச் செய்தார்கள். டிஸ்கவரர் என்பது விஞ்ஞான ஆராய்ச்சி என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். பொய்க்குப் பொருத்தமாக 1959 ஜூனில், மூன்றாவது டிஸ்கவரரில், நாலு கறுப்பு எலிகளை வைத்து அனுப்பினார்கள். அது சுற்றுப்பாதையை எட்டவில்லை; எலிகள் செத்துப்போயின. விஞ்ஞானத்துக்காகச் செத்த எலி உண்டு, பிளேக்கினால் செத்த எலி உண்டு. வெளிவேஷத்துக்காகச் செத்த எலிகள் அநேகமாக இவைதாம். இந்தத் திட்டத்தின் உண்மைப் பெயர் 'கரோனா' என்றும், 1972 வரையில் 8 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன என்றும் அமெரிக்க ஜனங்களுக்கு அவர்கள் சர்க்கார் சொன்னது 1995-ல்!

இன்னொன்று. 1960 ஜூனில் ஏறக்குறைய அரை மீட்டர் குறுக்களவுள்ள ஒரு சின்னப் பந்து மேலே போயிற்று. சூரியனின் கதிர்களை அளக்கப் போகிறது என்றார்கள். அளக்கவும் செய்தது, பொய் முழுப் பொய்யாக இருக்கக்கூடாது என்பது கெட்டிக்காரப் பொய்யர்களின் விதி. கூடவே அது சோவியத் ரேடார்களின் துடிப்பைக் காதில் வாங்கி, வாங்கிய கையோடு பூமியிலிருந்த கொட்டகைகளுக்குத் திருப்பி அனுப்பிற்று. என் மருமகன் சொன்ன யந்திரத்தின் பாட்டி இதுதான்: ஒட்டுக் கேட்டல், கைமாற்றிவிடுதல், வேஷம், மூன்றும் ஓர் உடம்பில். இந்த ரகசியம் 1998-ல் வெளிவந்தது. சோவியத்காரர்கள் மட்டும் அரிச்சந்திரர்களா? காகரின் பறந்த வோஸ்டாக் கலத்தின் கூட்டிலேயே மனிதனுக்குப் பதில் காமிராக்களைப் பொருத்தி, 1962 ஏப்ரலில் 'காஸ்மாஸ் 4' என்று பெயர் சூட்டி, விஞ்ஞானம் என்று பிரகடனம் செய்தார்கள். எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் ஒரே நாடகக் கம்பெனியில் உடுப்பு வாடகைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

இருந்தாலும் அந்தக் காலத்து வேஷத்தில் ஓர் அரைகுறை நாணயம் இருந்தது என்பேன். நோக்கத்தைத்தான் மறைத்தார்கள்; உடம்பை மறைக்கவில்லை. மேலே ஒன்று போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நேரத்தில் எந்த ஊரின்மேல் போகும் என்பதைக் கணக்குத் தெரிந்தவன் கணித்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் இரவு ரோந்து வருகிற கூர்க்காவைப்போல. அவன் தடியைத் தட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு வருகிறான். திருடனுக்கு அது எச்சரிக்கை ஆகிவிடாதா என்று நான் சின்ன வயசில் கேட்டதுண்டு. ஆகட்டும்! திருடனைப் பிடிப்பது மட்டுமா காவல்? வீட்டுக்குள் படுத்திருப்பவன், வெளியே நடமாடுகிறவன் காவல்காரன்தான் என்று தெரிந்துகொண்டு கண்ணை மூடவேண்டாமா? தடியைத் தட்டாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தில் பதுங்கிப் பதுங்கி ஒருவன் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனால் அவனுக்கு நம் ஊரில் என்ன பெயர்? அவன் கையில் கத்தி இல்லை என்று வக்கீல் வைத்து வாதாடினால் விட்டுவிடுவோமா?

இந்த நியாயம் வல்லரசுகளுக்கே ஒரு காலத்தில் புரிந்திருந்தது. 1972 மே மாதம் மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஒருவர் ஒப்பந்தப்படி நடக்கிறாரா என்று மற்றவர் தம்முடைய சொந்தத் தொழில்நுட்பச் சாதனங்களால் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சாதனங்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. அவை சரிபார்க்க முடியாதபடி வேண்டுமென்று எதையும் மூடி மறைக்கக்கூடாது என்று அதில் எழுதினார்கள். 'செயற்கைக் கோள்' என்ற வார்த்தையைச் சொல்ல மட்டும் வெட்கம். மற்றபடி விஷயம் இதுதான். வானத்துக் கண்ணுக்குச் சட்டப்படி அந்தஸ்து கிடைத்துவிட்டது. பார்க்கப்படுகிறவன் ஒளியக்கூடாது என்று விதியும் ஏற்பட்டுவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கப்படுகிறவன் ஒளியக்கூடாது என்று விதி எழுதின கையே, பார்க்கிறவன் ஒளிந்துகொள்ள வழி தேடிற்று.

1990 பிப்ரவரி 28-ஆம் தேதி 'அட்லாண்டிஸ்' விண்வெளி ஓடம் ராணுவத்தின் ரகசியச் சரக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மேலே விட்டது. சில வாரங்களில் அதைச் சுற்றித் துண்டுகள் காணப்பட்டன; ரகசியக் கோள் பழுதாகிவிட்டது, உடைந்துவிட்டது என்று செய்தி பரவிற்று. கதை முடிந்தது என்று உலகம் வேறு வேலையைப் பார்க்கப் போயிற்று. முடியவில்லை. கனடாவிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் இருந்த சிலர், பொழுதுபோக்குக்காக இரவில் வானம் பார்க்கிறவர்கள், அந்த வருஷம் முடிவதற்குள் ஓர் அநாமதேயப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். தாளும் பென்சிலும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அது அட்லாண்டிஸ் விட்டுப்போன சரக்கிடம் போய்ச் சேர்ந்தது. செத்ததாகச் சொன்ன பிள்ளை உயிரோடு இருந்தது. பாதையை மாற்றிக்கொண்டு மறுபடியும் மறைந்தது. இதன் பெயர் 'மிஸ்டி' என்று பின்னால் எழுதினார்கள். மூடுபனி என்று அர்த்தம். இரண்டாவது மூடுபனி 1999-ல் போயிற்று என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. அமெரிக்க சர்க்கார் இன்றுவரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. செயற்கைக் கோளை மறைப்பதற்கு, காற்றடைத்து விரிகிற கூம்பு வடிவக் கேடயம் ஒன்றுக்கு 1990-ல் அமெரிக்காவில் பேடென்ட் கேட்டு மனுப் போட்டார்கள். 1994-ல் கிடைத்தும் விட்டது. படங்களோடு, விளக்கங்களோடு, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்! கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது எப்படி என்ற உபாயத்தைக்கூட இன்னொருவன் திருடிவிடக்கூடாதாம். மிஸ்டியில் இதே கேடயம்தான் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆசை எந்தப் பக்கம் போயிற்று என்பதற்குச் சொல்கிறேன்.

மறைத்தது யாரிடமிருந்து? எதிரியிடமிருந்து என்பார்கள். எந்த எதிரி? மிஸ்டி மேலே போன மறுவருஷம் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. ஆனாலும் செலவு நிற்கவில்லை. 2004 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் ராக்பெல்லர் எழுந்து, ஒரு திட்டம் அநாவசியமானது, உபயோகமற்றது, தாங்கமுடியாத செலவு பிடிப்பது என்று கண்டித்தார். எந்தத் திட்டம் என்று சொல்ல அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை! அது மூன்றாவது மூடுபனிதான் என்றும், 500 கோடி டாலர் என்று ஆரம்பித்த மதிப்பு 950 கோடியில் போய் நிற்கிறது என்றும் பத்திரிகைகள் எழுதின. 2007-ல் அதைக் கைவிட்டுவிட்டதாகவும் பத்திரிகைகள்தான் எழுதின. ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி, ஜனங்களின் வரிப்பணம் வீணாகிறது என்று ஜனசபையில் சொல்கிறார். எதில் வீணாகிறது என்று மட்டும் சொல்லக்கூடாது. வானத்தில் ஒளிந்தது ஏதோ ஒரு ரேடாரிடமிருந்து மட்டும் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அவன் அசரவில்லை. "1998-ஐ மறந்துட்டீங்களா மாமா?" என்றான்.

அவனுடைய வாதத்திலேயே பலமானது இதுதான், மறைக்காமல் சொல்கிறேன். 1995 டிசம்பரில் ராஜஸ்தானத்துப் பொக்ரானில் நாம் அணு சோதனைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்ததை அமெரிக்கக் கோள்கள் படம் பிடித்துவிட்டன. அவர்களுடைய தூதர் டில்லியில் அந்தச் சாட்சியத்தை முன்வைத்துப் பேசினார், சோதனை நின்றது. நம்மவர்கள் பாடம் கற்றார்கள். கண் எப்போது தலைக்குமேல் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, இரவில் வேலை செய்து, விடிவதற்குள் யந்திரங்களைப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராமேசுவரத்து அப்துல் கலாம் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' ஆனார். 1998 மே 11-ஆம் தேதி வெடித்த பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. "தெரிகிற கண்ணை ஏமாத்தலாம், அதனாலேதான் தெரியாத கண் வேணும்ங்கிறாங்க" என்றான் பிள்ளையாண்டான்.

சரி. ஏமாந்தது ஏன் என்று விசாரிக்க, அந்த மாதமே அட்மிரல் ஜெரமையா என்பவரை அவர்கள் நியமித்தார்களே, அவர் என்ன கண்டார்? காமிரா போதவில்லை என்பதைவிட, இந்தியர்களும் நம்மைப்போலவே யோசிப்பார்கள் என்ற நினைப்பில் இருந்துவிட்டார்கள் என்பதைத்தான் பெரிதாகச் சொன்னார். ஆட்சிக்கு வந்த கட்சி, அணு ஆயுதம் சேர்ப்போம் என்று தேர்தல் அறிக்கையிலேயே அச்சடித்திருந்தது! கோடானு கோடி டாலர் செலவில் 300, 400 கிலோமீட்டர் உயரத்தில் கண்ணை வைத்தவர்கள், டில்லி நடைபாதையில் கிடைக்கும் காகிதத்தைப் படித்து அதை நம்பியிருந்தால் போதும். இன்னும் பத்து மூடுபனிகளை அனுப்பியிருந்தாலும், மனுஷன் சொல்வதை நம்பாதவனுக்கு என்ன தெரிந்திருக்கும்?

1995-ல் அந்தக் கண் எப்படி ஜெயித்தது என்பதையும் அவனை யோசித்துப் பார்க்கச் சொன்னேன். ஒளிந்திருந்ததால் ஜெயிக்கவில்லை. 'இதோ பார்த்தோம்' என்று மேஜைமேல் வைத்ததால் ஜெயித்தது. அது நமக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது வேறு விஷயம். பார்த்ததைச் சொன்னால்தான் பார்வைக்கு ஒரு கட்டுப்படுத்துகிற சக்தி. ஒளிந்து பார்க்கும் யந்திரம் தான் பார்த்ததைச் சொல்லவே முடியாது; சொன்னால் தான் இருப்பது தெரிந்துவிடும். பின் அந்தப் படம் எதற்குப் பயன்படும்? சமாதானத்துக்குப் பயன்படாது. முதல் அடியை எங்கே அடிப்பது என்ற கணக்குக்குத்தான் பயன்படும். மீண்டும் கண்ணன் தொடையைத் தட்டுகிறான்!

ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒளிந்திருக்கும் யந்திரம் சொன்னதை எதை வைத்துச் சரிபார்ப்பது? அதற்குமேல் ஒளிந்திருக்கும் இன்னொன்றையா?

வீதியில் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்று சந்தேகம் வந்துவிட்டால் கல் பறக்க ஆரம்பிக்கும். கல்லும் தயாராகிவிட்டது. 2007 ஜனவரியில் சீனா தன்னுடைய பழைய வானிலைக் கோள் ஒன்றைத் தானே அடித்து நொறுக்கிக் காட்டியது. 2008 பிப்ரவரியில் அமெரிக்கா, பழுதாகிப்போன தன் வேவுக் கோள் ஒன்றைக் கப்பலிலிருந்து சுட்டது. 2019 மார்ச் 27-ஆம் தேதி நாமும் நம் கோள் ஒன்றைச் சுட்டு, கைதட்டிக்கொண்டோம். நிராயுதபாணிகளைச் சுடுவதற்காகவே இத்தனை ஆயுதங்கள்! 2009 பிப்ரவரியில், ஒளியாமல் திறந்த வெளியில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க டெலிபோன் கோள் ஒன்றும் செத்துப்போன ரஷ்யக் கோள் ஒன்றும் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சுக்குநூறாயின. விளக்கு ஏற்றிய வண்டிகளே மோதுகிற ரஸ்தாவில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிறவனை என்ன செய்வது?

அதே 2009-ல் 'பான்' என்றொரு கோள் போயிற்று. எந்த இலாகாவின் சொத்து என்றே அறிவிக்கவில்லை. அது மற்றவர்களுடைய செய்தித் தொடர்புக் கோள்களின் பக்கத்தில் போய்ப் போய் நிற்பதை வானம் பார்க்கிற பொழுதுபோக்குக்காரர்கள் கண்டு சொன்னார்கள். அவற்றை ஒட்டுக் கேட்கத்தான் அப்படி நின்றது என்று, 2016-ல் வெளியான ரகசிய தஸ்தாவேஜுகள் தெரிவித்தன. எதிராளி வீட்டு ஜன்னல் என்பது போய், டெலிபோன் கம்பத்திலேயே காதை வைத்தாயிற்று. அந்தக் கம்பத்தில் பேசுகிறவர்கள் எல்லோருமா எதிராளி?

"நீங்க கதை எழுதறவர். ரயிலில் நாலு பேர் பேசறதை ஒட்டுக் கேட்டுத்தானே எழுதறீங்க?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. ஆமாம், கேட்கிறேன். பக்கத்து வீட்டுச் சண்டையும் என் காதில் விழுகிறது. சில சமயம் விழவேண்டுமென்றே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் அந்த அழுக்கு உண்டு. ஆனால் நான் பார்த்ததை என் பெயரைப் போட்டு, ஊரறிய அச்சில் விடுகிறேன். பார்க்கப்பட்டவர் படித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து சண்டை போடலாம், வந்தவர்களும் உண்டு. என் விலாசம் அவருக்குத் தெரியும்.

ஆயுதமில்லாமல், ஒளியாமல் பார்க்க வழியே இல்லையா? இருந்தது. 1955 ஜூலையில் ஜெனீவாவில் ஜனாதிபதி ஐசன்ஹோவர், உங்கள் வானத்தை எங்களுக்குத் திறவுங்கள், எங்கள் வானத்தை உங்களுக்குத் திறக்கிறோம் என்றார். குருஷ்சேவ் இது வேவு என்று தள்ளிவிட்டார். 37 வருஷம் கழித்து, 1992-ல், 'திறந்த வானம்' என்ற பெயரிலேயே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2002-ல் அமலுக்கு வந்தது. நிராயுதபாணியான விமானம், முன்கூட்டித் தகவல், பறக்கும்போது, பார்க்கப்படுகிற நாட்டின் ஆட்களும் அதே விமானத்தில் உட்கார்ந்திருப்பார்கள், எடுத்த படத்தை ஒப்பந்தத்திலுள்ள எந்த நாடும் வாங்கிக்கொள்ளலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை இப்படிப் பறந்திருக்கிறார்கள். படத்தின் தெளிவுகூட இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். தடியைத் தட்டிக்கொண்டு வந்த காவல்காரன் என்றால் அதுதான். அதைவிட்டு 2020-ல் அமெரிக்கா வெளியேறியது. 2021-ல் ரஷ்யா வெளியேறியது. ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த விமானங்கள் போனதற்கு யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. அதில் ரகசியம் இல்லை. ஆகையால் ருசியும் இல்லைபோலும்.

விண்ணில் எதை விட்டாலும் ஐக்கிய நாடுகள் சபையில் பதியவேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் 1976 முதல் அமலில் இருக்கிறது. ஆரம்பச் சுற்றுப்பாதையையும், 'பொதுவான பணி' என்று ஒரு வரியையும் எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. பிற்பாடு பாதையை மாற்றிக்கொண்டு எங்கே போனாலும் கேள்வி இல்லை. கல்யாணத்துக்கு வந்தவன் மொய் எழுதும்போது 'ஊர்: பூமி' என்று எழுதுவதுபோல! இந்த ஒரு வரியையாவது ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள் என்பதுதான் என் கட்சி. காமிராவை உடைக்கச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறாய் என்பதைச் சொல். இடம் மாறினால் மாறினேன் என்று சொல். எதைப் பார்த்தாய் என்பதை வேண்டுமானால் உன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்.

நாமும் வேவுக் கண்களைப் பறக்கவிட்டிருக்கிறோம். 2009 ஏப்ரலில் போன ரிஸாட்-2, மேகத்தை ஊடுருவி இரவிலும் பார்க்கிற கண். 2013-ல் கடற்படைக்கென்றே செய்தி கைமாற்றும் கோள் ஒன்று போயிற்று. எதையும் ஒளித்து விடவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதைக் குழந்தைகள் டெலிவிஷனில் பார்த்துக் கைகொட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது நாம் பெரியவர்களைப் பார்த்துக் காப்பியடிக்காமல் இருக்கவேண்டுமே என்பது என் கவலை. ஏனென்றால் அந்த வேலையைச் செய்யப்போகிறவன் எங்கோ இருக்கிற அந்நியன் அல்ல. என் தமக்கை மகனைப்போன்ற ஒரு நல்ல பையன். "நிராயுதபாணி" என்று மனசாரச் சொல்லிக்கொண்டே செய்வான்.

ஊருக்குப் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான்: "நாளைக்கு நம்ம நாடே இப்படி ஒண்ணு பண்ணினா என்ன செய்வீங்க மாமா?"

"அன்றைக்கும் இதையேதான் எழுதுவேன்" என்றேன்.

"இருக்கிறதே தெரியாதே! எதைப் பத்தி எழுதுவீங்க?" என்று சிரித்துவிட்டுப் படி இறங்கினான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.